தோட்டமும் யானையும்

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை வந்துவிட்டால், சிறு பிள்ளைகளையுடைய சிங்கப்பூர் ஆங் மோ கியோக் குடும்பத்தாருக்கு யானை பார்க்க இரண்டு வழிகள் உண்டு. சிக்கனமான வழி, பேருந்து நிலையத்தில் 138ஆம் எண் வண்டியில் ஏறி மண்டாய் விலங்குத் தோட்டத்தில் இறங்குவது. அதற்கு அரை நாளும் ஒரு கட்டுச்சோறும் போதும். மற்றொன்று, விடியுமுன்னே ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து, கோலாலம்பூரையும் தாண்டி, பகாங் மாநிலத்து லஞ்சாங் என்னும் ஊரை அடைந்து, அங்கிருந்து கிளைச்சாலையில் உள்ளே சென்று, கோலா கண்டாவிலுள்ள தேசிய யானைப் பாதுகாப்பு நிலையத்தைக் காண்பது. பாட்டியும் பேரனுமாகக் குடும்ப சமேதராக அங்கே சென்று, கரும்புத்துண்டு நீட்டிய கையைத் துதிக்கை தொட்டவுடன் குழந்தை கூச்சலிடுவதைக் கேட்டு மகிழ்ந்து திரும்புகிறவர்கள் அநேகர். அந்த மகிழ்ச்சியில் குறை காண்பது என் நோக்கமன்று. ஆனால், காட்டை ஆண்ட பெரும் பிராணிக்குக் காட்டின் நடுவிலேயே ஓர் அடைக்கல நிலையம் ஏன் வேண்டியதாயிற்று என்று கேட்கத் தொடங்கினால், அதற்குரிய விடையில் பாதி, கங்காணியின் வார்த்தையை நம்பிக் கப்பலேறிப் பால்மரக் காட்டுக்கு வந்து சேர்ந்த நம் முன்னோரின் விருத்தாந்தத்திலேதான் அடங்கியிருக்கிறது.

தமிழரும் மலாய் நாட்டு யானையும் சந்தித்தது தோட்டங்களில்தான் முதன்முறை என்று எண்ண வேண்டாம். 1025ஆம் ஆண்டை ஒட்டிக் கடாரத்தின் மேல் கப்பற்படை நடத்திய ராஜேந்திர சோழன், அந்நாட்டரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனை அவனுடைய யானைகளோடு அகப்படுத்தினான் என்று அவன் மெய்க்கீர்த்தி பெருமையுடன் கூறுகிறது. போரில் கைப்பற்றிய பொருளாக இருந்த யானை, 17ஆம் நூற்றாண்டில் வியாபாரச் சரக்காக மாறிவிட்டது. கெடா, பேராக், தெனாசரிம் முதலிய துறைகளிலிருந்து சோழமண்டலக் கரைக்கு யானைகளை ஏற்றி வந்தவர்களுள் முக்கியமானவர்கள் நாகூர், பரங்கிப்பேட்டை முதலிய பட்டினங்களைச் சேர்ந்த, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர். போகும்போது துணிப்பொதி, திரும்பும்போது யானை. யாழ்ப்பாணத்திலும் இதே வாணிபம் நடந்தது. 1658இல் அப்பிரதேசத்தைப் பிடித்த ஒல்லாந்தர், வன்னிக் காடுகளில் பிடிபட்ட யானைகளை ஆனையிறவு வழியாக நடத்தி வந்து, ஊர்காவற்றுறையில் மரக்கலத்தில் ஏற்றி, தென்னிந்தியாவிலிருந்து வந்த வணிகருக்கு விற்றனர். நாற்புறமும் நீர் சூழ்ந்த கப்பல்தட்டில், மதம் கொண்டால் கலத்தையே கவிழ்த்துவிடக்கூடிய ஒரு ஜீவனை வாரக்கணக்காகத் தீனி போட்டு அழைத்து வந்த அந்த மாலுமிகளின் சாமர்த்தியத்தைப் பற்றி நம்மவர் ஒரு நூலும் எழுதி வைக்காமற் போனது எனக்கு இன்றும் வருத்தந்தான். அக்காலத்து யானை மன்னனுடைய சொத்து. அது வாழ்ந்த காடும் அதன் காரணமாகவே காப்பாற்றப்பட்டது. பிடித்து விற்ற கொடுமை ஒருபுறமிருக்க, யானைக்கு விலை இருந்தவரையில் அதன் காட்டை வெட்டி அழிக்க யாருக்கும் ஆதாயம் இருக்கவில்லை என்பதை மறுக்க முடியாது.

சிங்கப்பூர் நகரத்திலே யானைக்கு முதலில் கிடைத்த கௌரவமான ஸ்தானம் உலோகத்தால் ஆனது. 1871 மார்ச் மாதம் இங்கே விஜயம் செய்த சயாம் மன்னர் சூளலங்கரண், தம் வருகையின் ஞாபகார்த்தமாக ஒரு வெண்கல யானையை அனுப்பிவைத்தார். சயாம் அரசர் ஒருவர் கால்வைத்த முதல் அந்நிய பூமி சிங்கப்பூர் என்னும் செய்தியைத் தாங்கி நகர மண்டபத்தின் முன் நின்ற அவ்யானை, 1919இல் ராஃபிள்ஸ் சிலைக்கு இடம் விட்டுப் பின்னாளில் பழைய நாடாளுமன்றமாகிய கட்டடத்தின் முன்னிலைக்குப் பெயர்ந்தது. பீடத்தில் சயாமியம், ஜாவி, சீனம், ஆங்கிலம் ஆகிய நான்கிலும் வாசகம் உண்டு, தமிழ் இல்லை. இந்தியக் கைதிகளின் உழைப்பினால் சாலைகளும் மாளிகைகளும் எழுந்துகொண்டிருந்த ஊரில், அவர்களுடைய பாஷைக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டுமென்று அன்று எவருக்கும் தோன்றவில்லை போலும்.

இனி நான் சொல்லப்போவது இச்சரித்திரத்தின் மையக் கட்டம். 1875ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் ஒரு மிருகக்காட்சிப் பிரிவு தொடங்கப்பட்டது. கவர்னர் ஆண்ட்ரூ கிளார்க் அளித்த காண்டாமிருகம் அதன் முதல் பிரஜைகளுள் ஒன்று. இரண்டாண்டு கழித்து, 1877இல், லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் அதே தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. விலங்குகளைக் காட்டி ஜனங்களை மகிழ்விக்கும் கூண்டும், அவ்விலங்குகள் வாழ்ந்த காட்டையெல்லாம் விழுங்கப்போகிற மரத்தின் கன்றும், ஒரே அதிகாரியாகிய மர்ட்டனின் பராமரிப்பில், ஒரே வேலிக்குள் வளர்ந்தன. செலவுக்குப் பணமின்றிக் கூண்டுகள் 1905இல் மூடப்பட்டன; மரமோ பல்கிப் பெருகிற்று. 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, சந்தித்த தோட்ட முதலாளிகளிடமெல்லாம் ரப்பர் போடும்படி ஓயாமல் வற்புறுத்தினார். மோட்டார் வண்டியும் அதன் சக்கரமும் உலகத்தை ஓட்டத் தொடங்கிய தருணத்தில், மலாயாவின் மேற்குக் கரைக் காடு ஜொகூர் முதல் கெடாவரை வெட்டுக்கத்திக்கும் நெருப்புக்கும் இரையாயிற்று.

யானை இதை வாளாவிருந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பேராக் மாநிலத்துத் தெலுக் ஆன்சனில், இன்று தெலுக் இந்தான் என்று வழங்கும் ஊரில், ஒரு கல்லறைப் பலகை உண்டு. 1894 செப்டம்பர் 17ஆம் தேதி, தன் கூட்டத்தைக் காக்கும்பொருட்டு ஓடிவரும் ரயிலை எதிர்த்து மோதி, அதைத் தடம் புரளச் செய்து, அங்கேயே உயிர்நீத்த காட்டு யானை ஒன்று அவ்விடத்தில் புதைக்கப்பட்டிருப்பதாக அப்பலகை அறிவிக்கிறது. அதன் மண்டையோடு தைப்பிங் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருக்கிறது. இந்நாட்டில் நீராவி வண்டி ஓடத் தொடங்கி அப்பொழுது பத்தாண்டுகூட நிறையவில்லை. 1885இல் திறக்கப்பட்ட தைப்பிங், போர்ட் வெல்ட் பாதையே முதலாவது. அதைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட ஆட்கள். அதற்குப்பின் நீண்ட பாதைகளிலெல்லாம் தண்டவாளம் தூக்கியவர்களும் கல் உடைத்தவர்களும் பெரும்பாலும் தமிழகத்துக் கூலிகள். கொடி காட்டியவர்களும் கணக்கு எழுதியவர்களும் யாழ்ப்பாணத்தார். ஆகவே ரயிலும் யானையும் மோதிய அந்தக் கணத்தில் நம்மவர் வேடிக்கை பார்த்தவர்களல்லர்; யானை எந்தப் பக்கத்தை எதிர்த்ததோ அந்தப் பக்கத்தில், கூலிக்கு, நின்றவர்கள். எதிரியைப் புதைத்து அவன் வீரத்தைப் பலகையில் பொறிக்கும் பழைய க்ஷத்திரிய மரியாதையைப் பிரிட்டிஷ் ரயில்வே இங்கே ஒரு விலங்குக்குச் செலுத்தியிருக்கிறது. தடம் போட்டு மாண்ட கூலிகளுக்கு அவ்விதப் பலகைகள் அதிகம் இல்லை.

தோட்டத்து வாழ்வில் யானை ஒரு செய்தியாக இருக்கவில்லை, இரவாக இருந்தது. விடிகாலை இருட்டில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, காண்டா என்னும் காவுதடி தூக்கி, பால் வெட்டி, மாலையில் லயம் என்னும் வரிசைக் குடியிருப்புக்குத் திரும்பிய ஜனங்கள், வீட்டுப் பின்புறத்தில் தாங்கள் வைத்திருந்த வாழையும் கரும்பும் ஒரே இரவில் துவைக்கப்பட்டுக் கிடப்பதைக் கண்டார்கள். காட்டோரத்துத் தோட்டங்களில் தகரம் தட்டுவதும், தீப்பந்தம் கொளுத்துவதும், தொரைக்குச் சொல்லியனுப்பித் துப்பாக்கி வரும்வரை பிள்ளைகளை மடியில் அணைத்துக்கொண்டு விழித்திருப்பதும் வழக்கம். புதிதாக நட்ட ரப்பர்க் கன்றை யானை பிடுங்கி எறியும். செம்பனையானால் குருத்தையே உரித்துத் தின்னும், குருத்துப் போனால் மரமும் போயிற்று. அந்தச் செம்பனையை வாணிப முறையில் இந்நாட்டில் முதலில் பயிரிட்டது 1917இல், கோலா சிலாங்கூர் வட்டாரத்தில். தோட்டத்துக்குப் பெயர் தென்னமரம் எஸ்டேட், உடையவர் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். பெயர் தமிழ், முதலாளி பிரெஞ்சுக்காரர், பயிர் ஆப்பிரிக்காவினது. அழிந்த காடு மட்டும் இவ்வூரைச் சேர்ந்தது. விநாயகரை அரசமரத்தடியில் வைத்துக் கும்பிட்ட அதே மக்கள், பொழுது சாய்ந்தபின் அவர் முகங்கொண்ட பிராணியை விரட்டத் தகரத்தோடு புறப்பட்டதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. பயிர் போனால் பழி முதலில் கூலியின் தலையில் விடியும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

தோட்டம் ஒருபுறம் காட்டைச் சுருக்க, சிங்கப்பூர் நகரம் மறுபுறம் பிடிபட்ட விலங்குகளின் சந்தையாக விளங்கிற்று. அமெரிக்கரான வில்லியம் ஹார்னடே 1877இல் நம் ஆனைமலைக் காடுகளில் அருங்காட்சியகத்துக்காக யானைகளைச் சுட்டுத் தோலுரித்துவிட்டு, மறு ஆண்டு இத்துறைமுகத்தின் வழியே சிலாங்கூருக்குச் சென்றவர். பிற்காலத்தில் நியூயார்க் மிருகக்காட்சிச் சாலையின் தலைவராகி, அமெரிக்கக் காட்டெருமையின் அழிவைத் தடுக்கப் பாடுபட்டவரும் அவரே. 1920களிலும் 30களிலும் ஃபிராங்க் பக் என்பவர் காத்தோங்கில் கொட்டகை அமைத்து, பிடித்த மிருகங்களை அங்கே வைத்திருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார். அக்கொட்டகைக்குத் தொலைவில்லாத சிலோன் சாலையிலே இலங்கைத் தமிழர் செண்பக விநாயகரை வழிபட்டு வந்தார்கள் என்பதை எண்ணும்போது நகைப்பதா நாணுவதா என்று தெரியவில்லை.

இந்தியக் குடும்பத்தில் பிறந்த பாசப்பா என்பவரையும் இங்கே மறத்தல் தகாது. சிராங்கூன் சாலை வீட்டில் தொடங்கி, 1928இல் பொங்கோல் கடற்கரைக்குப் பெயர்த்த அவருடைய சொந்த விலங்குப் பண்ணை ஊருக்கே விளையாட்டுக் களமாக இருந்தது. 1942இல் ஜப்பானியர் நெருங்கியபோது, பிரிட்டிஷ் படை அந்த நிலத்தைக் கேட்டு, இடம் மாற்ற ஒரு நாள் அவகாசமே கொடுத்து, முடியாமற்போகவே சாதுவானவற்றைத் திறந்துவிட்டுக் கொடியவற்றைச் சுட்டுக் கொன்றது. மறு ஆண்டே பாசப்பாவும் காலமானார்.

சுதந்திரம் வந்தபின் காடழிப்பு நின்றுவிடவில்லை, வேகம் கொண்டது. 1956இல் தோன்றிய ஃபெல்டா என்னும் நில மேம்பாட்டு ஸ்தாபனம், நிலமற்ற குடியானவர்களுக்குப் பகாங்கிலும் ஜொகூரிலும் பெரும் பரப்புகளைத் திருத்திக் கொடுத்தது. நோக்கம் உயர்ந்ததுதான்; ஆனால் திருத்தப்பட்ட சமவெளியே யானையின் பிரதான வாசஸ்தலம். மலேசியா 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது, இந்தியாவும் அதே ஆண்டில் இயற்றியது. சட்டம் வந்தபின் கண்ட யானையையெல்லாம் சுட்டுத் தள்ளுவதற்கில்லை. செம்பனையைத் தின்னவிடுவதற்கும் இல்லை. இந்தச் சங்கடத்திலிருந்து 1974இல் பிறந்ததுதான் யானைகளைப் பிடித்து இடம் மாற்றும் தனிப் பிரிவு.

அப்பிரிவினருக்கு உதவ, வேலை தெரிந்த யானைகள் உள்நாட்டில் இல்லை. மலாய் அரசர்களின் யானைக் கொட்டாரங்கள் மறைந்து, பாகர் பரம்பரையும் அற்றுப்போயிருந்தது. ஆகவே கும்கிகள் எனப்படும் பழக்கிய யானைகள் இந்தியாவின் அஸ்ஸாமிலிருந்து வரவழைக்கப்பட்டன. மூன்று நூற்றாண்டுக்கு முன் இங்கிருந்து யானையை வாங்கிச் சென்ற தேசத்திடம், இப்பொழுது இங்கிருந்தவர்கள் யானையைக் கேட்டுப் பெற்றார்கள். முறை இதுதான்: தடம் பார்த்து யானையை நெருங்கி மயக்க ஊசியால் எய்வார்கள், மயக்கம் தெளியுமுன் காலில் சங்கிலி பூட்டி மரத்தில் கட்டுவார்கள், பிறகு இரண்டு கும்கிகள் இருபக்கமும் அணைத்து நின்று, அதை நடத்திக்கொண்டு போய் லாரியில் ஏற்றும், தாமான் நெகாரா போன்ற பெருங்காட்டில் அவிழ்த்துவிடுவார்கள். டாப்ஸ்லிப்பிலும் தெப்பக்காட்டிலும் படுகுழி வெட்டி யானை பிடித்து, கரால் என்னும் மரக்கூண்டில் அடைத்துப் பழக்கி, மரம் இழுக்கவிட்ட தமிழக வனத்துறையின் பழைய வழக்கத்துக்கும் இதற்கும் வித்தியாசம் பெரிது. அங்கே பிடிபட்ட யானை உழைப்பாளியாயிற்று. அந்த உழைப்பாளிகளின் புண்ணுக்கும் பிணிக்கும் மருந்திட்டே ஆயுளைக் கழித்தவர் யானை டாக்டர் என்று பெயர் பெற்ற வி. கிருஷ்ணமூர்த்தி. இங்கே பிடிபட்ட யானை அகதியாயிற்று. கூட்டத்தைப் பிரிந்து தவித்த கன்றுகளையும், வேடர் கண்ணியில் கால் அறுபட்டவற்றையும் எங்கும் விட முடியவில்லை. அவற்றுக்கும் கும்கிகளுக்கும் ஓர் இருப்பிடம் வேண்டியே, கிராவ் வனவிலங்குக் காப்பகத்தில், சே வோங் பழங்குடியினர் வாழும் கோலா கண்டாவில், 1989இல் நிலையம் நிறுவப்பட்டது. நாம் கரும்பு நீட்டுவது இந்த அகதிகளிடம்.

ஆங் மோ கியோவின் கதையும் இதனின்று வேறுபட்டதன்று. ரப்பர்த் தோட்டமும் பன்றிப் பண்ணையும் சதுப்புமாகக் கிடந்த இவ்விடத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தன் ஏழாவது புதுநகரைக் கட்டத் தொடங்கியது 1973இல். அதே ஆண்டு ஜூன் 27ஆம் தேதி, துணைப் பிரதமர் கோ கெங் சுவீ மண்டாய் விலங்குத் தோட்டத்தைத் திறந்துவைத்தார். பொதுப் பயனீட்டுக் கழகத் தலைவர் ஓங் ஸ்வீ லா, நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த நிலத்தில் மக்களுக்கு ஓர் உல்லாச ஸ்தலம் வேண்டுமென்று எண்ணியதன் பயன் அது; அதற்கு யோசனை சொல்ல அழைக்கப்பட்டவர், கொழும்பு தெஹிவளை விலங்குத் தோட்டத்தின் தலைவர் லின் டி அல்விஸ். அவருடைய நாட்டிலேதான், மண்டாய் திறந்து இரண்டாண்டு கழித்து, ரம்புக்கனைக்கு அருகில் பின்னவலையில் யானை அநாதை இல்லம் 25 ஏக்கர் நிலத்தில் அமைந்தது. அந்த நிலமும் ஒரு தென்னந்தோட்டமே.

1990இன் நடுவில் மூன்று காட்டு யானைகள் ஜொகூர்க் கரையிலிருந்து, துதிக்கையை மட்டும் நீருக்கு மேலே நீட்டி மூச்சு விட்டுக்கொண்டு, சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் கடலை நீந்திக் கடந்து, நம் பிள்ளைகள் இராணுவப் பயிற்சி பெறும் புலாவ் தெக்கோங்கில் ஏறின. ஊரே பரபரத்தது. மலேசிய வனவிலங்குத் துறையாரும் மண்டாய் ஊழியரும் கூடி அவற்றைப் பிடித்துத் திருப்பியனுப்பினார்கள். மறு ஆண்டு இன்னொன்று புலாவ் உபினுக்கு வந்தது. அதற்கும் அதே மரியாதைதான். கடவுச்சீட்டின்றி வந்த விருந்தாளிகள் என்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டோம். அக்கரையிலே காடு வெட்டுண்டு நிற்க இடம் சுருங்கிய காலத்தில் அவை கடலில் இறங்கியதை நினைத்தால், அந்த வேடிக்கை அவ்வளவாக ருசிப்பதில்லை.

இடமாற்றம் முழுப் பரிகாரம் ஆகுமா? ஆகாது என்பதே என் அபிப்பிராயம். இலங்கையில் இடம் மாற்றப்பட்ட ஆண் யானைகளுக்குக் கழுத்துப்பட்டை பூட்டி, 16 இடமாற்றங்களைத் தொடர்ந்து கண்காணித்து 2012இல் வெளியிட்ட ஆய்வு, கொண்டுபோய்விட்ட இடத்தில் அவற்றுட் பல தங்கவில்லை என்றும், பழைய ஊருக்கு நடந்தே திரும்பியவையும், வழியிலுள்ள கிராமங்களில் புதுத் தொல்லை விளைவித்தவையும் உண்டு என்றும் காட்டியது. பிறந்த மண்ணைவிட்டுக் கப்பலேற்றப்பட்டவர்களின் வம்சத்தாராகிய நமக்கு இதில் வியப்படைய ஒன்றுமில்லை. மேற்கு மலேசியாவில் எஞ்சிய காட்டு யானைகள் 1,223க்கும் 1,677க்கும் இடைப்பட்டவை என்று அந்நாட்டின் 2013ஆம் ஆண்டு யானைப் பாதுகாப்புச் செயல்திட்டம் மதிப்பிட்டிருக்கிறது. நம் ஆங் மோ கியோவில் சில அடுக்குமாடிக் கட்டடங்களில் குடியிருப்போர் தொகை அதற்குச் சமமாகிவிடும்.

கோலா கண்டாவுக்குப் போகிறவர்கள் போகட்டும். மண்டாய்க்குப் போகிறவர்களும் போகட்டும். முதுகில் ஏறிச் சவாரி செய்யும் ஆசையை மட்டும் பிள்ளைகளுக்கு ஊட்டாதிருப்பது நலம். பெரியோர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. மலாயாத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இங்கே குடியேறிய பாட்டியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், அவரை அவசியம் உடன் அழைத்துச் செல்லுங்கள். போகும் வழியிலே, நெடுஞ்சாலையின் இருமருங்கும் முடிவில்லாது நிற்கும் செம்பனையைக் காட்டி, லயத்தில் யானை வந்த இரவுகளைப் பற்றிக் கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, என்ன தட்டினார்கள், யார் துப்பாக்கி கொண்டுவந்தார் என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள், அல்லது கைப்பேசியில் அவர் குரலையே பதிவு செய்யுங்கள். தோட்டத் துரைமார் தங்கள் பக்கத்துக் கதையைப் புஸ்தகங்களாக அச்சிட்டுவிட்டார்கள். தகரம் தட்டியவர்களின் கதை அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்களில் பலருக்கு இப்பொழுது எண்பது வயது கடந்துவிட்டது.